மௌனம் சம்மதமா? கணினி எங்களோடு கதைக்கப் பழகிய கதை

லினக்ஸ் கணினியில் முதன்முதலாக ஸ்கிரிப்ட் எழுதுகிற எல்லாருக்கும் ஒரு நாள் இது நடக்கும். ஐந்தாறு வரி எழுதி, அதைக் கோப்பு மேலாளரின் ஸ்கிரிப்ட் கோப்புறைக்குள் போட்டு, நாலு படங்களைத் தெரிவுசெய்து, மௌஸின் வலது பொத்தானை அழுத்தி ஓடவிடுவார்கள். ஒன்றும் நடக்காது. பிழை என்றும் வராது, சரி என்றும் வராது. இன்னொருக்கா அழுத்துவார்கள். அப்பவும் அதே மௌனம்.

அந்த மௌனத்துக்குப் பின்னால் மூன்றில் ஒன்று நடந்திருக்கலாம். ஸ்கிரிப்ட் ஒழுங்காக ஓடி வேலையை முடித்திருக்கலாம். தொடங்காமலே விட்டிருக்கலாம். பாதியில் விழுந்திருக்கலாம். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு மூன்றும் ஒரே மாதிரித்தான் தெரியும். அதனால் புதிதாகப் பழகுகிறவர் நாலாவதாக ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்: "எனக்கு உது சரிவராது." இப்படிச் சொல்லி ஒதுங்கினவர்கள் எங்களைச் சுற்றிக் கனபேர். உயர்தரத்துக்கு ஐசிடி எடுத்து, பைதன் வரை படித்துவிட்டு விட்டவர்களும் அதற்குள் அடக்கம்.

நாங்கள் சொல்ல வருவது இதுதான்: அந்த மௌனம் உங்களுடைய மொக்குத்தனம் இல்லை. அது சில மனிதர்கள், சில இயந்திரங்களுக்கு முன்னால் இருந்து எடுத்த முடிவு. கணினி யாரைப் பார்த்துக் கதைக்கிறது என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு பதில் இருந்திருக்கிறது. அந்தப் பதில்கள் பழசாகிப் போயும், எங்கட கணினிக்குள் ஒன்றின் மேல் ஒன்றாக இன்னும் கிடக்கின்றன.

கட்டினவர்களே கேட்டவர்கள்

1949 மே மாதம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்ற கணினி ஓடத் தொடங்கியது. அதைக் கட்டிய மொரிஸ் வில்க்ஸ், கணிதச் சமன்பாடு ஒன்றைத் தீர்க்க அதற்கு நிரல் எழுதினார். மொத்தம் 126 வரி. அதன் ஆரம்பப் பிரதி ஒன்று பதிந்த காகிதநாடா 30 வருடம் கழித்துக் கிடைத்தபோது, அதற்குள் ஏறத்தாழ 20 பிழைகள் இருந்தன. உலகத்தின் முதல் கணினிகளில் ஒன்றைக் கட்டிய ஆளின் கையெழுத்து அது! தன் மீதி வாழ்நாளில் பெரும்பகுதி தன் பிழைகளைத் தேடுவதிலேயே போகப் போகிறது என்று அந்த நாட்களில் தனக்கு உறைத்ததாக வில்க்ஸ் பின்னர் தன் நினைவுநூலில் எழுதினார்.

அந்தக் கணினி தன் பாட்டில் "இந்த இடத்தில் பிழை" என்று சொல்லாது. அதனால் அதே கூடத்தில் வேலைசெய்த ஸ்ரான்லி கில், நிரல் எந்தக் கட்டளையை எந்த ஒழுங்கில் செய்கிறது என்பதை ஓட ஓட அச்சிட்டுக் காட்டும் துணைநிரல்களை உருவாக்கினார். பிழை கண்டுபிடிப்பதைப் பற்றிய அவருடைய ஆய்வுக்கட்டுரை 1951 இல் வெளிவந்தது. இன்றைக்கு பாஷ் ஸ்கிரிப்ட்டை 'எக்ஸ்' என்ற தெரிவோடு ஓடவிட்டால் ஒவ்வொரு வரியும் செய்யப்படும்போது திரையில் வரும். அது கில்லின் அதே யோசனைதான்.

அப்போது கேட்கிறவர்களும் கட்டினவர்களும் ஒரே ஆட்கள். இயந்திரம் கதைக்காவிட்டாலும் அவர்களுக்கு அதன் நாடி தெரியும். மாணவர்கள் உள்ளே வந்த பிறகுதான் பிரச்சினை மாறியது. 1964 மே 1 ஆம் திகதி அதிகாலை, அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஜோன் கெமெனியும் தோமஸ் கேர்ட்ஸும் பேசிக் மொழியை முதன்முதலாக ஓடவிட்டார்கள். விஞ்ஞானம் படிக்காத மாணவர்களும் நிரல் எழுத வேண்டும் என்பது அவர்களுடைய நோக்கம். வரிக்கு வரி இலக்கம் இருந்ததால், எந்த வரியில் கோளாறு என்பதை இலக்கத்தோடு சொல்லிவிட முடிந்தது. அடுத்த வருடம் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் இளமாணி மாணவர்களே சேர்ந்து, ஃபோர்ட்ரான் பழகுகிற மாணவர்களுக்காக வாட்ஃபோர் என்ற மொழிமாற்றியை எழுதினார்கள். வேகமும், விளங்கக்கூடிய பிழைச்செய்திகளும்தான் அதன் பேருக்குக் காரணம். துளையிட்ட அட்டைகளைக் கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த காலத்தில், அந்தச் செய்தி ஒன்றுதான் மாணவருக்கு வாத்தியார்.

ஆக, தொடங்குகிறவரோடு கணினி கதைக்க வேண்டும் என்ற எண்ணம் இன்று நேற்று வந்ததல்ல. அறுபது வருடப் பழசு. பிறகு ஏன் எங்கட ஸ்கிரிப்ட் வாய் திறக்கவில்லை?

செக்கனுக்குப் பத்து எழுத்து

அதற்குப் பதில் பெல் ஆய்வுகூடத்தில் இருக்கிறது. 1969 இல் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் அங்கே யுனிக்ஸைத் தொடங்கினார்கள். லினக்ஸ் பின்பற்றுவது அந்தப் பரம்பரையைத்தான். அவர்களுக்கு முன்னால் இருந்தது திரை இல்லை, ரெலிடைப் என்ற தட்டச்சு இயந்திரம். மொடல் 33 என்ற வகை செக்கனுக்குப் 10 எழுத்து அடிக்கும். 60 எழுத்தில் ஒரு வசனம் சொல்ல 6 செக்கன் போகும், கடகடவென்று சத்தமும் போடும், காகிதமும் செலவாகும். ஒவ்வொரு கோப்பைக் கொப்பி பண்ணும்போதும் "வெற்றிகரமாக முடிந்தது" என்று அடித்துக்கொண்டிருந்தால் எவர் பொறுமையாக இருப்பார்?

ஆகவே யுனிக்ஸ் சுருக்கிப் பேசப் பழகியது. அதன் ஆரம்பகால எழுத்துத் தொகுப்பி எட், பிழை வந்தால் அச்சிட்டது ஒரே ஒரு குறி: "?". என்ன பிழை, எங்கே பிழை, ஒன்றும் இல்லை. கேள்விக்குறி மட்டும். கேட்டுக்கொண்டிருந்தவர் அதை எழுதினவரோ, பக்கத்து மேசைக்காரரோதான். அவருக்கு அது காணும்.

1973 இல் வந்த 'பைப்' மௌனத்துக்கு இன்னும் பலமான நியாயம் ஒன்றைத் தந்தது. ஒரு நிரலின் வெளியீட்டை நேராக அடுத்த நிரலின் உள்ளீடாகக் குழாய் போட்டு விடுவதுதான் பைப். பெயர்ப்பட்டியல் கொடுக்கிற நிரலை, அதை அகரவரிசைப்படுத்துகிற நிரலோடு இணைக்கலாம். இப்போது முதல் நிரல் நல்லெண்ணத்தில் "வணக்கம், பட்டியல் தயார்" என்று சொன்னால் என்ன ஆகும்? அந்த வசனமும் ஒரு பெயராகப் பட்டியலுக்குள் போய் அகரவரிசையில் குந்திவிடும். அடுத்துக் கேட்கப் போவது மனிதர் அல்ல, இன்னொரு நிரல் என்றால், தேவையில்லாத கதை எல்லாம் குப்பைதான்.

ஆனால் பிழை வந்தால் மனிதருக்குச் சொல்லத்தானே வேண்டும்? ஆரம்பத்தில் அதற்குத் தனி வழி இல்லை. ஆய்வுகூடத்தில் ஒளியச்சுக்கோர்ப்பு இயந்திரம் ஒன்று இருந்தது. வெளியீட்டை அதற்கு அனுப்பி, ஒளிப்படத் தாளைக் கழுவி எடுத்துப் பார்த்தால், எதிர்பார்த்த பக்கத்துக்குப் பதிலாகப் பிழைச்செய்தி அழகான எழுத்தில் அச்சாகியிருக்கும். இப்படிச் சில தடவை விலைகூடிய தாள் வீணான பிறகுதான் பிழைகளுக்கென்று தனியாக ஒரு வாசலைத் திறந்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு நிரலுக்கும் மூன்று வாசல்: 0 உள்ளீட்டுக்கு, 1 வெளியீட்டுக்கு, 2 பிழைக்கு. ஸ்கிரிப்ட்களில் "2>" என்று எழுதுகிறோமே, அந்த 2 இதுதான்.

இதைவிட ஒரு நிரல் முடியும்போது ஓர் இலக்கத்தையும் விட்டுவிட்டுப் போகும். 0 என்றால் வெற்றி, வேறு எந்த இலக்கமும் கோளாறு. "$?" என்று கேட்டால் அந்த இலக்கம் வரும். ஆக யுனிக்ஸ் ஊமை இல்லை. "மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி" என்று எங்கட ஊரில் சொல்வதுபோல, அங்கே மௌனம் வெற்றிக்கு அறிகுறி. கேட்கத் தெரிந்தவருக்குப் பதில் இருக்கிறது. கேட்க வேண்டும் என்றே தெரியாதவருக்குத்தான் அது சுவர்.

குண்டுப் படமும் முன்னேற்றப் பட்டையும்

1980களில் கணினி வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் போனது. வாங்கினவர்கள் நிரல் எழுதுகிறவர்கள் அல்ல. ஆனால் இயந்திரம் பழைய ஆட்களோடு கதைத்த மாதிரியே அவர்களோடும் கதைத்தது: 'சட்டவிரோதக் கட்டளை', 'மரணப் பிழை', 'கைவிடவா, மீண்டும் முயலவா, புறக்கணிக்கவா?' பென் ஷ்னைடர்மன் என்ற கணினி அறிஞர் 1982 இல் இதைப் பற்றி எழுதினார். செய்தி குறிப்பாக இருக்க வேண்டும், அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்ல வேண்டும், ஆளைக் குற்றஞ்சாட்டவோ மிரட்டவோ கூடாது என்பது அவர் வாதம். இன்றைக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். அன்றைக்கு இதை ஓர் ஆய்வாக நிறுவிக் காட்ட வேண்டியிருந்தது.

1984 இல் வந்த மக்கின்ரொஷ் வேறு வழியில் போனது. சூசன் கேர் வரைந்த சின்னப் படங்கள் அதில் பேசின. காத்திருக்கச் சொல்லக் கைக்கடிகாரம், முறைமை விழுந்துவிட்டால் திரி எரிகிற குண்டு. அடுத்த வருடம் பிரட் மையர்ஸ் என்ற ஆய்வாளர், வேலை எவ்வளவு முடிந்திருக்கிறது என்று காட்டும் பட்டை ஏன் முக்கியம் என்ற ஆய்வை வெளியிட்டார். பட்டை இருந்தாலும் வேலை அதே நேரம்தான் எடுக்கும். ஆனாலும் ஆட்கள் அதை விரும்பினார்கள், ஏனென்றால் இயந்திரம் தங்களை மறக்கவில்லை என்று அது காட்டியது.

1986 இல் டொஸ் கணினிகளுக்கு நோர்ட்டன் கொமாண்டர் வந்தது. எழுதியவர் ஜோன் சோச்சா. நீல நிறத்தில் பக்கம் பக்கமாக இரண்டு பலகை, கீழே எந்தச் சாவி என்ன செய்யும் என்ற வரி. 5 ஆம் செயற்சாவி கொப்பி பண்ணும், 8 ஆம் சாவி அழிக்கும். மனப்பாடம் ஒன்றும் தேவையில்லை, எல்லாம் கண் முன்னால். அதே அமைப்பை யுனிக்ஸ் பக்கத்துக்குக் கொண்டுபோன மிட்நைட் கொமாண்டரை 1994 இல் மெக்சிக்கோ மாணவர் மிகேல் டி இகாசா வெளியிட்டார். விண்டோஸ் 95 இல் கொப்பி பண்ணும்போது ஒரு கோப்புறையிலிருந்து இன்னொன்றுக்குத் தாள்கள் பறந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். வேலை நடக்கிறது என்று காட்ட அந்தப் பறக்கும் தாளே போதும்.

கோப்பு மேலாளர் என்பது இப்படித்தான் ஒரு வாயாடிப் பரம்பரை ஆனது. எத்தனை கோப்பு தெரிவுசெய்திருக்கிறீர்கள், எவ்வளவு இடம் மிச்சம், இதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, மேலே எழுதட்டுமா? கேட்டுக் கேட்டுத்தான் செய்யும்.

இரண்டு பரம்பரை சந்திக்கும் இடம்

மக்கின்ரொஷை உருவாக்கிய குழுவில் முக்கியமானவர் அன்டி ஹேர்ட்ஸ்ஃபெல்ட். அவரும் சேர்ந்து தொடங்கிய ஈசல் நிறுவனம், லினக்ஸ் கணினிகளின் குநோம் திரைமுகத்துக்காக நோட்டிலஸ் என்ற கோப்பு மேலாளரை 2001 இல் வெளியிட்டது. சில மாதங்களில் நிறுவனம் மூடப்பட்டது. நோட்டிலஸ் நிலைத்தது. இன்று உபுண்டுவில் 'கோப்புகள்' என்று நாங்கள் திறப்பது அதன் வழித்தோன்றலைத்தான்.

வாயாடிப் பரம்பரையின் வீட்டை மௌனப் பரம்பரையின் காணியில் கட்டின மாதிரி இது. நோட்டிலஸுக்குள் நாங்கள் போடுகிற ஸ்கிரிப்ட், 1970களின் ஒழுங்குப்படி 1 ஆம் வாசலிலும் 2 ஆம் வாசலிலும் எழுதுகிறது. டெர்மினலில் ஓடவிட்டால் அந்த இரண்டு வாசலுக்கும் எதிரே திரை இருக்கும். கோப்பு மேலாளருக்குள் இருந்து ஓடவிட்டால் எதிரே ஒருவரும் இல்லை. ஸ்கிரிப்ட் கத்திக்கொண்டுதான் இருக்கிறது. எங்களுக்குத்தான் கேட்கவில்லை.

இது விளங்கினால், வழக்கமான கோளாறுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தின் எச்சம் என்பது தெரியும். ஸ்கிரிப்ட் தொடங்கவே இல்லையா? அதற்கு இயங்கும் அனுமதி கொடுத்திருக்க வேண்டும், முதல் வரியில் "#!" போட்டு எந்த நிரல் அதை வாசிக்க வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். இந்த "#!" ஒழுங்கை ரிச்சி 1980 ஜனவரியில் யுனிக்ஸுக்குள் கொண்டுவந்தார். அந்த வரி சரியாக இருந்தும் "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்று வருகிறதா? அதை விண்டோஸில் எழுதிக்கொண்டு வந்திருப்பீர்கள். ரெலிடைப்பில் அடுத்த வரிக்குப் போக இரண்டு அசைவு வேண்டும்: தலையை இடப்பக்கம் கொண்டுபோவது ஒன்று, தாளை ஒரு வரி உயர்த்துவது இன்னொன்று. டொஸும் விண்டோஸும் இரண்டு குறியையும் வைத்துக்கொண்டன, யுனிக்ஸ் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டது. கண்ணுக்குத் தெரியாத அந்த மேலதிகக் குறி நிரலின் பெயரோடு ஒட்டிக்கொள்ள, லினக்ஸ் இல்லாத ஒரு நிரலைத் தேடி அலைகிறது. டெர்மினலில் ஓடுவது கோப்பு மேலாளரில் ஓடவில்லையா? டெர்மினல் திறக்கும்போது வாசிக்கிற உங்கள் சொந்த அமைப்புகளைக் கோப்பு மேலாளர் வாசிக்காது, அதனால் சில கட்டளைகள் இருக்கும் இடம் அதற்குத் தெரியாமல் இருக்கலாம். கோப்பின் பெயரில் இடைவெளி இருக்கிறதா? மேற்கோள்குறி போடாவிட்டால் ஒரு பெயர் இரண்டாக உடையும்.

பெயரைப் பற்றிச் சொல்லும்போது எங்கட எழுத்தின் கதையும் வருகிறது. பாமினி எழுத்துருவில் தட்டிய காலத்தில் கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கில எழுத்துத்தான். அந்த எழுத்துருவைப் போடாத இடத்தில் வெறும் கிறுக்கல். யூனிகோட் வந்து, 1992 இல் தொம்சனும் ரொப் பைக்கும் யூடிஎஃப்-8 என்ற முறையை வகுத்த பிறகு, தமிழிலேயே கோப்புக்குப் பெயர் வைக்கிற காலம் வந்தது. ஆனால் அந்த முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் வேண்டும். லினக்ஸில் பரவலாக உள்ள ஈஎக்ஸ்டி4 கோப்புமுறையில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் இடம். ஆங்கிலத்தில் 255 எழுத்து வைக்கலாம், தமிழில் 85 குறியீடு. 'கு', 'லா' போன்றவை இரண்டு குறியீடாக எண்ணப்படும் என்பதால் எழுத்துக் கணக்கு இன்னும் குறையும். சஞ்சிகையின் பெயர், இதழ், ஆண்டு, கட்டுரைத் தலைப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பெயர் வைக்கிற ஸ்கிரிப்ட் ஆங்கிலப் பெயருக்கு ஓடி, தமிழ்ப் பெயருக்கு விழுந்தால் ஸ்கிரிப்ட்டை மட்டும் திட்டாதீர்கள்.

மௌனத்தின் விலை

இது வெறும் வசதிக் கதை இல்லை. வீட்டில் கிடக்கிற பழைய சஞ்சிகை, நினைவுமலர், குடும்பப் படங்களை ஸ்கான் பண்ணிச் சேமிக்கிற இளைஞர்கள் எங்கட பக்கத்தில் இருக்கிறார்கள். 300 பக்கம் ஸ்கான் பண்ணிய ஒருவர், அவற்றுக்கு வரிசையாகப் பெயர் மாற்ற ஸ்கிரிப்ட் எழுதுகிறார் என்று வைப்போம். எண்ணை ஒவ்வொரு தடவையும் கூட்டுகிற ஒரே ஒரு வரி விடுபட்டுப் போனால், 300 பக்கத்துக்கும் ஒரே பெயர். யுனிக்ஸின் 'எம்வி' கட்டளை, அந்தப் பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால் கேட்காமலே அதன் மேல் எழுதிவிடும். கடைசியில் மிஞ்சுவது ஒரு பக்கம். பிழைச்செய்தி இல்லை. முடிவு இலக்கம் 0, அதாவது வெற்றி. மூல இதழ் கறையான் அரித்தோ இடப்பெயர்வில் தொலைந்தோ போயிருந்தால், அந்த 299 பக்கமும் போனதுதான்.

இதே வேலையைக் கோப்பு மேலாளரில் கையால் செய்திருந்தால் இரண்டாவது பக்கத்திலேயே அது தடுத்திருக்கும். ஸ்கிரிப்ட் எழுதும்போது அந்தக் காவலை நாங்களேதான் போட வேண்டும். 'எம்வி'யோடு 'என்' என்ற தெரிவைச் சேர்த்தால் மேலெழுதாது. 'வி' சேர்த்தால் எதை எதுவாக மாற்றியது என்று சொல்லும். 1 ஆம், 2 ஆம் வாசல் இரண்டையும் ஒரு பதிவுக் கோப்புக்குத் திருப்பிவிட்டால், கோப்பு மேலாளருக்குள் ஓடும்போதும் ஸ்கிரிப்ட் கத்தினது அங்கே எழுதப்பட்டிருக்கும். திரையில் காட்ட 'நோட்டிஃபை-சென்ட்' சின்ன அறிவித்தல் தரும். 'செனிட்டி'க்கு இலக்கங்களை அனுப்பினால் முன்னேற்றப் பட்டை நகரும், "#" இல் தொடங்கும் வரி அனுப்பினால் பட்டைக்கு மேலே அந்த வசனம் வரும். எல்லாவற்றுக்கும் முதல், மூலத்தை ஒரு கொப்பி எடுத்துவிட்டு அந்தக் கொப்பியில் ஓடவிட்டுப் பாருங்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ஸ்கிரிப்ட்டின் கடைசி வரியில் "எல்லாம் முடிந்தது" என்று சும்மா எழுதி வைப்பது மௌனத்தைவிட மோசம். பாஷ் ஒரு வரி விழுந்தாலும் பொதுவாக அடுத்த வரிக்குப் போய்விடும். மூன்றாம் வரி விழுந்திருக்கும், கடைசி வரி வெற்றி கொண்டாடும். "$?" ஐப் பார்த்துவிட்டுக் கதைக்க வேண்டும். "300 இல் 297 மாற்றப்பட்டது. இந்த 3 கோப்புகள் மாற்றப்படவில்லை, பெயர் நீளம் கூட" என்று சொல்கிற ஸ்கிரிப்ட் மனிதரை மதிக்கிற ஸ்கிரிப்ட்.

எந்த மொழியில் சொல்வது?

செய்தியை நிரலில் இருந்து பிரித்து, வேறு மொழியில் மாற்றிவைக்கும் 'கெட்டெக்ஸ்ட்' முறை 1990களில் கட்டற்ற மென்பொருளுக்குள் வந்தது. அதன் பலனாகக் குநோம், கேடிஈ போன்றவற்றைத் தன்னார்வலர்கள் தமிழாக்கியிருக்கிறார்கள். சிலர் கேட்பார்கள்: பிழைச்செய்தி தமிழில் வந்தால் இணையத்தில் தேட ஏலாதே? நியாயமான கேள்விதான். அதற்கு வழி இருக்கிறது. கட்டளைக்கு முன்னால் மொழி அமைப்பைத் தற்காலிகமாக மாற்றி ஓடவிட்டால் மூல ஆங்கிலச் செய்தி வரும், அதை வைத்துத் தேடலாம். எங்களுக்கு இதில் குழப்பம் இல்லை: தேடுவதற்கு ஆங்கிலம் உதவட்டும். ஆனால் நாங்களே எழுதுகிற ஸ்கிரிப்ட், அம்மாவோ வாசிகசாலைப் பொறுப்பாளர் ஐயாவோ பாவிக்கப் போகிறது என்றால், அது அவர்களோடு தமிழில்தான் கதைக்க வேண்டும்.

பெரிய மொழிகளும் மெல்ல மாறிக்கொண்டுதான் இருக்கின்றன. 2021 இல் வந்த பைதன் 3.10, அடைப்புக்குறியை மூட மறந்தால் எந்த அடைப்புக்குறி என்று காட்டியது. பெயரைப் பிழையாகத் தட்டினால் "இதையா சொல்ல வந்தீர்கள்?" என்று கேட்டது. 'சொற்றொடர் பிழை' என்று மட்டும் சொல்லி வந்த மொழிக்கு முப்பது வருடம் எடுத்த பணிவு இது.

யுனிக்ஸின் மௌனத்தை நாங்கள் பழிக்கவில்லை. நிரல் நிரலோடு கதைக்கும் இடத்தில் அது இன்றைக்கும் சரி. ரெலிடைப் போய்விட்டது, காகிதச் செலவும் போய்விட்டது, கேட்கிறவரும் மாறிவிட்டார். ஸ்கிரிப்ட் எழுத உட்காரும்போது முதலில் கேட்க வேண்டியது இந்த ஒரு கேள்விதான்: இதன் வெளியீட்டை அடுத்து வாசிக்கப் போவது யார்? நிரல் என்றால் வாயை மூடுங்கள். மனிதர் என்றால், என்ன நடந்தது, எந்தக் கோப்பில் நடந்தது, இனி என்ன செய்யலாம் என்ற மூன்றையும் சொல்லுங்கள். கணினியின் வாயில் வருகிற ஒவ்வொரு வசனமும் யாரோ ஒரு மனிதர் எழுதி வைத்தது. உங்கள் ஸ்கிரிப்ட்டில் அந்த ஆள் நீங்கள்.